நீ பூசிய மேற்குச் சுவர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நலமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவைத் திறந்திருக்கிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதுவதுதான் முறை, ஆனால் இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை. உன் அப்பாவுக்கு நெஞ்சு சரியில்லை. உடனே பதறாதே, எழுந்து நடமாடுகிறார், சாப்பிடுகிறார், என்னோடு சண்டை போடுகிறார், அதிலெல்லாம் ஒரு குறையும் இல்லை. ஆனால் போன மழையில் பிடித்த சளி வெயில் காலம் வந்தும் போகவில்லை. மூச்சு விடும்போது உள்ளே யாரோ காகிதத்தைக் கசக்குவது மாதிரி ஒரு சத்தம். மருத்துவர் அவரைச் சட்டை போடச் சொல்லி அனுப்பிவிட்டு என்னை மட்டும் நிறுத்தி வைத்து, வீட்டில் ஈரம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். இன்னொரு மழைக்காலத்தை அந்த ஈரத்திலேயே படுத்துக் கழித்தால் நுரையீரல் தாங்காது, "ஒண்ணு ஆளை மாத்துங்க, இல்ல சுவரை மாத்துங்க" என்று சொல்லிவிட்டார். ஆள் மாறுகிற ஆளா என்பது உனக்கே தெரியும். எனவே சுவரைத்தான் மாற்ற வேண்டும். மேற்கு அறைச் சுவர்தான், நீ போன முறை வந்தபோது பூசிவிட்டுப் போனாயே, அதே சுவர். அதற்கு உன் தயவு தேவைப்படுகிறது, அதனால்தான் இந்தக் கடிதம்.

இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். எங்கே சொல்வது. நீ ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாய் என்றால் இவர் காலையிலிருந்தே குட்டி போட்ட பூனை மாதிரி அலைகிறார். முகம் மழித்து, நல்ல சட்டை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு, தொண்டைக்கு இதமாக இருக்கும் என்று சுடுதண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்துவிட்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து சமையலறை வாசலில் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். ஏன் அங்கே தெரியுமா, உன் திரையில் அவர் முதுகுக்குப் பின்னால் தெரிகிற சுவர் காய்ந்த சுவர். போனையும் அவரே பிடித்துக்கொள்வார், என் கையில் கொடுத்தால் நான் எந்தப் பக்கம் திருப்புவேனோ என்று பயம். பேசிக்கொண்டிருக்கும்போதே இருமல் வரும் போலிருந்தால் சட்டென்று "இந்தா, அம்மாகிட்ட பேசு" என்று என் கையில் திணித்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விடுகிறார். அங்கே நின்று வாயில் துண்டை அடைத்துக்கொண்டு இருமுவார். நீ ஒரு நாள் என்னிடம், "அப்பா ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டேங்கிறாரே, இன்னும் கோவம் தீரலையா" என்று கேட்டாய். நான் அப்போது ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். கோபம் இல்லை கண்ணு. இருமல்.

சுவர் கதையை முதலிலிருந்து சொல்கிறேன். நீ ஊருக்குப் போனபின் வந்த முதல் மழையைக் காண உனக்குக் கொடுத்து வைக்கவில்லை. மேற்கிலிருந்து காற்றோடு சாய்வாக அடித்தது, எப்போதும் அந்தச் சுவரைத்தான் வந்து அறையுமே, அப்படி. இவர் குடையைப் பிடித்துக்கொண்டு தெருவில் போய் நின்றுவிட்டார். நான் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தேன், வா வா என்று ஒரே கூப்பாடு, பாதித் தையலை விட்டுவிட்டுப் போனால் "பாரு, ஒரு சொட்டு நிக்கல, அப்படியே வழுக்கிட்டு ஓடுது, என் பொண்ணு பூசினது" என்று சுவரைக் காட்டுகிறார். பால் போடுகிறவர், எதிர் வீட்டுக்காரர், கடிதம் கொண்டுவருகிறவர், யார் வந்தாலும் அந்தச் சுவருக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டாமல் விடவில்லை. எத்தனை வருடம் பேருந்து ஓட்டியிருக்கிறார், ஒரு தடவைகூடத் தன்னைப் பற்றி இப்படிப் பெருமை அடித்துக்கொண்டு நான் கேட்டதில்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். கல்லிடுக்கில் எல்லாம் சிமென்ட் வைத்து அடைத்து, அதன்மேல் அந்தத் தண்ணீர் புகாத பூச்சை இரண்டு கை அடித்து, கழுத்தெல்லாம் வெயிலில் கறுத்துப்போய் நின்றாயே நீ, அந்த உழைப்பு வீண் போகவில்லை என்று நினைத்தேன்.

பிறகுதான் உள்ளே ஆரம்பித்தது. முதலில் தரையை ஒட்டி ஒரு கறுப்பு. துடைத்தால் போகவில்லை. அது ஏறி ஏறிக் கட்டில் உயரத்துக்கு வந்தது. அப்புறம் உள்பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பி, நகத்தால் தொட்டால் பொலபொலவென்று உதிர்ந்தது, உதிர்ந்த இடத்தில் உப்பு மாதிரி வெள்ளையாகப் பூத்தது. அலமாரியை நகர்த்திப் பார்த்தேன், பின்பக்கம் முழுக்கப் பூஞ்சை, உன் கம்பளி மேலும் அதே, அதைத் துவைத்துக் காயவைத்து முன்னறையில் வைத்திருக்கிறேன், கவலைப்படாதே. வாசனை இருக்கிறதே, நனைந்த சாக்கை மூடி வைத்துத் திறந்த மாதிரி. நான் தைத்து வைத்த பள்ளிச் சட்டைகளை ஒரு அம்மா வாங்கி மோந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. அன்றிலிருந்து துணியெல்லாம் சமையலறைக்கு மாறிவிட்டது. காலையில் எழுந்ததும் என் முதல் வேலை அந்தச் சுவரைத் துணியால் ஒற்றி எடுத்துப் பிழிவதுதான். மறுநாள் எழுந்தால் அது திரும்பவும் வியர்த்து நிற்கும். அலுத்துவிட்டது எனக்கு. சில நாள் துணியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் சும்மா உட்கார்ந்துவிடுகிறேன்.

உன் அப்பா காரணம் கண்டுபிடித்த அழகை நீ பார்க்க வேண்டுமே. முதலில் ஜன்னல் மேல் பழி போட்டார், சட்டத்தைச் சுற்றி இடைவெளி இருக்கிறது, அதில்தான் இறங்குகிறது என்றார். அடைத்தோம். அடுத்தது மழைநீர்க் குழாயின் இணைப்பு என்றார், மாற்றினோம். அடுத்தது பக்கத்து வீட்டுச் சாக்கடை. அதற்கு அவர்களோடு ஒரு சண்டை, பிறகு நான் போய்ச் சமாதானம் பேசி வந்தேன். கடைசியில் நான் வீட்டுக்குள் துணி காயப்போடுகிறேனாம், அந்த ஈரம்தான் சுவரில் ஏறுகிறதாம். தெருவைப் புதிதாகப் போட்டபோது மண்ணைக் கொட்டி உயர்த்திவிட்டார்கள் இல்லையா, வெளியே தரைமட்டம் நம் வீட்டு உள்தரையைவிட மேலே வந்துவிட்டது, அது என் கண்ணில் பட்டது. நானே மண்வெட்டியை எடுத்துச் சுவர் ஓரமாக மண்ணை வெட்டித் தள்ளினேன். உன் அத்தை அப்போது வந்திருந்தாள், "என்ன அண்ணி, புதையலா" என்று சிரித்தாள். அதில் கொஞ்சம் பலன் இருந்தது, அடிச்சுவரில் ஈரம் சற்றுக் குறைந்தது. ஆனால் மேலே அப்படியேதான் இருந்தது. மழை நின்று, தெருவில் புழுதி பறக்கிற மாதத்திலும் உள்ளே சுவர் ஈரமாக இருந்தால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, நீயே சொல். இவரிடம் கேட்டால் "பழைய வீடுன்னா அப்படித்தான்" என்று முடித்துக்கொள்வார். எதை வேண்டுமானாலும் சந்தேகப்படுவார், நீ அடித்த பூச்சை மட்டும் சந்தேகப்பட மாட்டார்.

ஒரு நாள் சுவரைத் துடைக்கும்போதுதான் கவனித்தேன். அவ்வளவு கறுப்புக்கும் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு சாண் அகலத்துக்கு ஒரு பட்டை மட்டும் வெளுப்பாகக் காய்ந்து இருக்கிறது. கையை வைத்தால் வறண்டு சொரசொரவென்று இருக்கிறது. அதற்கு நேர் வெளியே போய்ப் பார்த்தேன், மழைநீர்க் குழாய். உனக்கு ஞாபகம் இருக்கும், குழாய்க்குப் பின்னால் உன் தூரிகை போகவில்லை, குழாயைக் கழற்றிவிட்டுப் பூசலாம் என்று நீ சொன்னாய், ஆணியெல்லாம் துருப்பிடித்திருக்கிறது, கழற்றினால் உடைந்துவிடும், விடு என்று அப்பா சொன்னார். பூசாமல் விட்ட அந்த இடம்தான் உள்ளே காய்ந்திருக்கிறது. இவரைக் கூட்டிவந்து காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "குழாய் மறைக்குது, அங்க மழை படல, அதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சொன்னாரே ஒழிய அன்று முழுக்க அவர் முகம் சரியில்லை.

பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கிற பொறியாளர் அம்மா ஒருத்தி பிள்ளையின் சட்டையைப் பெரிதாக்கக் கொண்டுவருவாள். அவளிடம் சொன்னேன், அவளும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து சுவரைத் தட்டிப் பார்த்தாள், வெளியே போய் ஏணியில் ஏறிப் பார்த்தாள். அவள் சொன்னதை எனக்குப் புரிந்தவரையில் எழுதுகிறேன். "கல்லு தண்ணி குடிக்காதும்மா, கல்லுக்கு நடுவுல இருக்கிற சுண்ணாம்புதான் குடிக்கும். வெயில் வந்ததும் குடிச்ச வழியாவே வெளிய விட்டுடும். இத்தனை காலம் இந்தச் சுவர் அப்படித்தான் நின்னிருக்கு. இப்ப சிமென்டும் பூச்சும் சேர்ந்து வாயை அடைச்சிடுச்சு. மேல கைப்பிடிச் சுவர்ல கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியா தண்ணி இறங்குது, வெளிய போக வழியில்ல, அதான் உங்க அறைக்குள்ள வருது" என்றாள். முன்பெல்லாம் பெருமழையில் உள்ளே லேசாக நமுத்து, நாலு வெயிலில் தானாகக் காய்ந்துவிடுமே, அதைச் சகிக்காமல்தானே நாம் இதையெல்லாம் செய்தோம். உன்னை அவள் ஒன்றும் குறை சொல்லவில்லை, "எல்லாரும் இதைத்தான் செய்றாங்க, டப்பாவுல அப்படித்தானே எழுதியிருக்கு" என்றாள். நீ அந்த டப்பாவில் இருந்ததை ஒரு எழுத்து விடாமல் சத்தமாகப் படித்துக் காட்டியது எனக்கு ஞாபகம் வந்தது. கல் வீட்டுக்கு இது ஆகாது என்று அதில் ஒரு வரி போட்டிருக்கக் கூடாதா.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். மேல்பூச்சை முழுக்க உரித்தெடுக்க வேண்டும். கல்லிடுக்கில் வைத்த சிமென்டைக் கல் உடையாமல் கொத்தி எடுக்க வேண்டும். பிறகு சுவரை வெறும் உடம்போடு விட்டுவிட வேண்டும், வெயில் காலம் முழுக்க அது காய வேண்டும். நன்றாகக் காய்ந்ததும் சுண்ணாம்பும் மணலும் கலந்து இடுக்குகளை நிரப்பி, அது அவசரப்பட்டுக் காயாமல் ஈரச்சாக்கு போர்த்தி வைக்க வேண்டும். கைப்பிடிச் சுவரின் தலைப்பில் தண்ணீர் தேங்காமல் வெளிப்பக்கம் சரிவாகக் கல் பதிக்க வேண்டும். ஜன்னலுக்கு மேல் சற்று நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒரு கல் வைத்து, அதன் அடியில் ஒரு கோடு வெட்டிவிட்டால் தண்ணீர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடாமல் அங்கேயே சொட்டிவிடுமாம். இதெல்லாம் பெரிய வித்தை இல்லை, ஆனால் நாள் பிடிக்கிற வேலை. இப்போதே தொடங்கினால்தான் மழைக்குள் சுவர் காயும். தள்ளிப்போட்டால் இன்னொரு மழை அதே சுவரோடுதான், அதைத்தான் கூடாது என்று மருத்துவர் சொன்னார்.

கொத்தனாரிடம் பேசிவிட்டேன். உனக்குத் தெரியும் அவரை, அவசரம் என்று எல்லாரும் கூப்பிடுவார்களே, எதையும் அவசரமாகச் செய்யாததால் வந்த பெயர். இவர் முடிவெட்டிக்கொள்ளப் போன நேரமாகப் பார்த்து அவரை வரச் சொன்னேன். என் கெட்ட நேரம், இவர் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்துவிட்டார். ஏணிமேல் கொத்தனார், கையில் உளி, ஒரு தாம்பாளம் அளவுக்குப் பூச்சு பெயர்ந்து கீழே கிடக்கிறது. நான் என்னவோ திருட்டு வேலை செய்து அகப்பட்ட மாதிரி நின்றேன். கத்துவார் என்று பார்த்தால் கத்தவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்து, "இறங்குப்பா, அது என் பொண்ணு கையால பூசினது, ஒரு செதில் எடுக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார். கொத்தனார் என்னைப் பார்த்துக்கொண்டே இறங்கிப் போய்விட்டார். நீ மிச்சம் வைத்துவிட்டுப் போன பூச்சு டப்பாவின் அடியில் கொஞ்சம் இருந்தது, அதைச் சுரண்டி எடுத்து, இவரே ஏணியில் ஏறி அந்த இடத்தை அடைத்துவிட்டார். ஒவ்வொரு படிக்கும் நின்று மூச்சு வாங்கினார். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு திட்டிக்கொண்டே இருந்தேன். வேறு என்ன செய்வது.

அன்று நிஜமாகவே எனக்குக் கோபம் வந்துவிட்டது. பெண் பூசிய சுவர் பெரிதா, மூச்சு பெரிதா என்று கேட்டேன். வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, "உன்கிட்ட அவ எப்பவும் பேசிட்டுதான் இருந்தா. எனக்கு அந்த ஒரு வாரம்தான்" என்றார். எழுந்து போய் இயந்திரத்தில் உட்கார்ந்தேன், ஊசியில் நூல் கோக்க வரவில்லை.

உனக்கு அது புரியும் என்று நினைக்கிறேன், ஆனாலும் சொல்கிறேன். தன் பணிமனையில் மேலதிகாரி காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி உனக்கு ஒரு வேலை வாங்கி வைத்தார், நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவ்வளவு தூரம் போய்விட்டாய். நீ போனது சரிதான், நான் அன்றைக்கும் அதைத்தான் சொன்னேன். ஆனால் அவர் எல்லார் முன்னாலும் தலைகுனிந்து நின்றார், அதுவும் உண்மை. அதன்பிறகு இத்தனை வருடம் நீ கூப்பிட்டால் என்னிடம், அவர் கேட்டால் என் வாய்வழியாக. "சாப்பிட்டாளான்னு கேளு" என்பார். "அப்பா மாத்திரை போட்டாரா" என்று நீ கேட்பாய். நான் நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். போன முறை நீ வந்தபோதுதான் சுவர் என்று ஒரு வேலை வந்தது. நீ மேலே, அவர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு. காய்ந்துவிட்டதா என்று அவர் கேட்பார், பார்த்தாலே தெரியும், இருந்தாலும் கேட்பார். நீயும் தொட்டுப் பார்த்துப் பதில் சொல்வாய். மதியம் இரண்டு பேரும் பூச்சுக் கையோடு வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். பழைய பேச்சை இரண்டு பேரும் எடுக்கவே இல்லை, எடுத்துப் பேசி முடித்திருக்கலாம் என்று நான் சமையலறையிலிருந்து நினைத்துக்கொண்டேன். பேசவில்லை. அதற்குப் பதிலாகத்தான் அந்தச் சுவர் என்று அவர் மனதில் இருக்கிறது. அதை உரித்தால் இதுவும் போய்விடும் என்று பயப்படுகிறார். அவர் அப்படி எனக்குச் சொல்லவில்லை, ஆனால் இத்தனை வருடம் கூட இருக்கிறேனே, இதுகூடத் தெரியாதா.

கட்டிலை முன்னறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். அங்கே என் இயந்திரச் சத்தமாம், இங்கே ஜன்னல் வழியாகத் தெரு தெரிகிறதாம். உன் அத்தை வீட்டையே விற்றுவிட்டு அடுக்குமாடிக்கு வந்துவிடச் சொன்னாள், அதிலிருந்து அவளோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாவம் அவள், வந்துவிட்டு என்னிடம் "எங்க அண்ணனுக்குப் பொறுமை எல்லாம் வண்டி ஓட்டும்போதே தீர்ந்துபோச்சு அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். நான் சொன்னால் கேட்க மாட்டார், மருத்துவர் சொன்னால் கேட்க மாட்டார், பொறியாளர் அம்மாவை வாசலில் பார்த்தாலே பின்கட்டுக்குப் போய்விடுகிறார். நீ ஒருத்தி சொன்னால்தான் நடக்கும். எப்படிச் சொல்வது என்று நானும் பலவிதமாக யோசித்துவிட்டேன். நான் செய்தது தப்பு அப்பா என்று நீ சொன்னால், "நீ செஞ்சது சரிதான், மழைதான் தப்பு" என்பார். அவர் உடம்புக்காக என்று சொன்னால் நான் எழுதிவிட்டேன் என்று தெரிந்துபோகும், அப்புறம் நான் இந்த வீட்டில் இருக்க முடியாது. அதனால் உன் ஆசை மாதிரிச் சொல். சுண்ணாம்பு வைத்துச் செய்வதைப் பற்றிப் படித்தேன், அதுதான் இந்தச் சுவருக்குப் பொருத்தம், பழையதை நீங்கள் உரித்துக் காயவைத்து எடுத்துவையுங்கள், நான் வந்ததும் சேர்ந்து செய்யலாம் என்று சொல். பொய் சொல்லச் சொல்கிறேன் என்று நினைக்காதே. வந்தும் விடு. விடுப்பு கிடைப்பது கஷ்டம் என்று தெரியும், நாலு நாள் என்றாலும் போதும், அந்த இடுக்கில் ஒரு கை சுண்ணாம்பை நீ வைத்தால் போதும்.

வர முடியவில்லை என்றால் இன்னொன்று செய். ஞாயிற்றுக்கிழமை என்னையும் சேர்த்துக் கூப்பிடுகிறாயே, அது இருக்கட்டும். வேறொரு நாள் அவரை மட்டும் கூப்பிடு. ஒரு விஷயமும் வேண்டாம். என்ன செய்றீங்க, சும்மாதான் கூப்பிட்டேன் என்று சொல். அவர் எடுத்து, "இரு, அம்மாவைக் கூப்பிடுறேன்" என்பார், வேண்டாம், உங்களோடுதான் பேச வேண்டும் என்று சொல். இருமல் வந்தால் வரட்டும், அவர் இருமி முடிக்கும்வரை நீ அந்தப் பக்கம் இரு. உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் அது பொய். அவர் ஹலோ சொன்ன மறுநிமிடம் "அம்மா இல்லையா" என்று கேட்கிறாய், எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் அதை. உனக்கும் கூச்சம், அவருக்கும் கூச்சம், நான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிப் பேசிக் களைத்துவிட்டேன். எனக்கு இந்த வீடு இருக்க வேண்டும், நீ செய்த வேலையும் இருக்க வேண்டும் என்றெல்லாம் ஆசை இல்லை. எனக்கு அந்த மனிதர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். அலுவலகத்தில் உட்கார்ந்தே இருக்காதே, அவ்வப்போது எழுந்து நட. தலையை நன்றாகத் துவட்டாமல் படுக்காதே. போன வாரம் பேசும்போது குரல் அடைத்திருந்தது, ஒன்றுமில்லை என்றாய், அப்பாவிடமிருந்து வந்த பழக்கம் போலிருக்கிறது. உன் அறையிலும் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கிறாய், கொஞ்சம் நகர்த்தி அந்தப் பக்கச் சுவரைக் கையால் தடவிப் பார். கம்பளி இங்கே பத்திரமாக இருக்கிறது, வரும்போது எடுத்துக்கொண்டு போகலாம். என் கண்ணுக்குப் புதுக் கண்ணாடி மாற்றியாகிவிட்டது, முட்டி வலி இருக்கிறது, அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

வழக்கம்போல் கடைசிக் கால் பக்கத்தை அப்பாவுக்கு விட்டிருக்கிறேன், போன முறை நீ வந்துபோன பிறகுதான் அவருக்கு இந்தப் பழக்கம் வந்தது. நான் எழுதியதை உள்பக்கமாக மடித்துத்தான் கொடுப்பேன், அம்மாவும் பெண்ணும் பேசிக்கொள்வதை அவர் படிக்க மாட்டார், அவர் எழுதியதை நானும் பார்க்காமல் ஒட்டி அனுப்பிவிடுவேன். நான் எழுதியது எதுவும் உனக்குத் தெரியாத மாதிரியே பேசு, மறந்துவிடாதே. நீ எங்கே இருந்தாலும் உன் மூச்சுக்கும் தூக்கத்துக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும், நினைத்தது கைகூட வேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் தினமும் படுக்கிறேன்.

உன் பதிலை அல்ல, உன்னை எதிர்பார்க்கும்,
அம்மா

மகளுக்கு அப்பா எழுதுவது. நான் சௌக்கியம். அம்மா இருமல், சளி என்று ஏதாவது எழுதியிருப்பாள், பெரிதாக எடுத்துக்கொள்ளாதே, அவளுக்கு எல்லாவற்றுக்கும் பயம். சுவர் நீ பூசியது பூசியபடி அருமையாக இருக்கிறது, போன மழையில் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. அதே பூச்சில் புது டப்பா ஒன்று வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன், அம்மாவுக்குத் தெரியாது. நீ வந்ததும் வடக்குச் சுவரையும் நாம் இரண்டு பேரும் பூசிவிடலாம். எப்போது வருகிறாய் என்று எழுது.
அப்பா